டெல்டா மண்ணுக்கு ஆர்சி கிராலர் டயர்: புதிதாக வாங்கவா, இருப்பதை வெட்டவா?

மன்னை மதகு:
வணக்கம். மன்னார்குடிக்குப் பக்கத்துக் கிராமம். வண்டி டிராக்ஸஸ் டிஆர்எக்ஸ்-4, ரிமோட்டில் ஓட்டுகிற, மேடு பள்ளத்தில் மெதுவாக ஊர்ந்து ஏறுகிற சின்ன வண்டி (ஆர்சி கிராலர்). அதோடு வந்த கேன்யன் டிரெயில் டயர்தான் இன்னும் ஓடுகிறது, 1.9 இன்ச் ரிம், டயர் உயரம் 4.6 இன்ச். டயர் வீடியோ போடுகிறவர்கள் எல்லோரும் பாறையில் ஏற்றித்தான் காட்டுகிறார்கள். எங்கள் பக்கம் பாறை என்று தேடினால் அம்மிக்கல்தான் கிடைக்கும். நான் ஓட்டுவது வாய்க்கால் கரை, குளத்துப் படித்துறை, மதகு ஓரம் கொட்டியிருக்கும் கருங்கல், அப்புறம் ஜூன் 12 மேட்டூர் திறப்புக்கு முன்னால் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் வயல்.

தொல்லை மூன்று. ஈரக் களிமண்ணில் நாலு சுற்று சுற்றியதும் டயர் பட்டன் (மேலே துருத்தி நிற்கும் ரப்பர் முண்டு) இடுக்கெல்லாம் அடைத்து மொழுமொழுவென்று ஆகிவிடுகிறது. படித்துறையில் இரண்டாவது படிக்கு முன்சக்கரம் தூக்கினாலே வண்டி மல்லாந்து விழுகிறது. வாய்க்காலில் இறக்கி ஏற்றினால் டயருக்குள் தண்ணீர் புகுந்து சளக் சளக் என்கிறது, சக்கரம் கல்லாகக் கனக்கிறது. வரி, கூரியர் எல்லாம் சேர்ந்தால் ஒரு செட்டுக்கு மேல் என்னால் முடியாது, அதனால் வாங்குவதற்கு முன் கேட்டுக்கொள்கிறேன். அனுபவம் உள்ள அண்ணன்கள் சொல்லுங்கள்.

மலைக்கோட்டை ஆர்சி:
தம்பி, டயரை அப்புறம் பார்க்கலாம், முதலில் டயருக்குள் அடைத்திருக்கும் ஃபோமை, அதாவது பஞ்சு வளையத்தைப் பாருங்கள். நிஜ ஜீப்பில் மேடு ஏற வேண்டும் என்றால் காற்றை இறக்குவார்கள். நம்ம வண்டி டயரில் காற்றழுத்தமே கிடையாது, ரிம்மிலோ டயரிலோ ஓட்டை இருக்கும், காற்று வரும் போகும், எடையைத் தாங்குவது ஃபோம் மட்டும்தான். அதனால் உலகத்திலேயே மிருதுவான ரப்பரை வாங்கிப் போட்டாலும் உள்ளே ஃபோம் விறைப்பாக இருந்தால் டயர் கல்லைக் கவ்வாது, கல் மேல் உட்கார்ந்துகொண்டு சுற்றும்.

சோதித்துப் பார்ப்பது சுலபம். பேட்டரியோடு வண்டியின் ஒரு முன்சக்கரத்தைச் செங்கல் முனையில் ஏற்றி நிறுத்திவிட்டு, தரை மட்டத்துக்குக் குனிந்து டயரைப் பாருங்கள். செங்கல் முனை டயருக்குள் அமுங்கி, இரண்டு பக்கமும் பட்டன்கள் முனையைப் பிடித்துக்கொண்டு நின்றால் சரி. ஒரே ஒரு பட்டன் மட்டும் தொட்டுக்கொண்டிருந்தால் ஃபோம் கெட்டி. அதற்காக ஒரேயடியாகக் கொழகொழவென்றும் போட்டுவிடக் கூடாது, கரைச் சரிவில் பக்கவாட்டில் போகும்போது கீழ்ப்பக்க டயர் மடங்கி வண்டி உருண்டுவிடும். இதற்காகத்தான் இரண்டு அடுக்கு ஃபோம் வருகிறது, நடுவில் கெட்டி, வெளியே மிருது. நடுவில் இருப்பது குளோஸ்டு செல், அதாவது தண்ணீர் குடிக்காத வகை. உங்கள் சளக் சளக்குக்கும் மருந்து அங்கேதான் இருக்கிறது. சாதாரண ஸ்பாஞ்ச் வாய்க்கால் தண்ணீரைக் குடித்துவிட்டு விடவே விடாது. காசு செலவழிக்க வேண்டாம் என்றால் பழைய யோகா மேட்டைக் கீற்றாக வெட்டி ரிம்மைச் சுற்றி ஒரு வளையம், அதற்கு மேல் மெல்லிய ஸ்பாஞ்ச். பார்க்க அசிங்கமாக இருக்கும், யார் பார்க்கப் போகிறார்கள்.

மல்லாந்து விழுவது டயர் குறையே இல்லை, எடை. சமையலறைத் தராசில் முன் இரண்டு சக்கரத்தை மட்டும் ஏற்றி (பின்சக்கரத்துக்கு அதே உயரத்தில் ஒரு புத்தகம் கொடுத்து) எடை பாருங்கள், பிறகு பின்னால். மொத்தத்தில் 55 முதல் 60 சதவீதம் முன்னால் இருக்க வேண்டும். பேட்டரியை முன்னால் தள்ள முடிந்தால் அதுதான் முதல் வேலை, செலவில்லை. அடுத்து, கார் வீல் பேலன்ஸ் செய்யும் கடையில் பின்னால் பசை தடவிய 5 கிராம், 10 கிராம் வில்லைகள் கிடைக்கும், முன் ரிம்மில் ஃபோமுக்கு அடியில் சுற்றி ஒட்டுங்கள். சக்கரத்துக்கு 50, 60 கிராமில் ஆரம்பித்தால் போதும். பின்னால் ஒன்றும் வேண்டாம்.

நாலு சக்கரம்:
எதற்கு இவ்வளவு சுற்று? 2.2 ரிம்முக்கு மாறி 5.5 இன்ச் டயர் போடுங்க ப்ரோ, படி, சேறு எல்லாம் ஏறும்.

பொறையார் கரை:
2.2 யோசனை எனக்கு ஒத்துவராது. ஃபெண்டரை (சக்கரத்துக்கு மேலே இருக்கும் பாடி விளிம்பை) வெட்ட வேண்டும், திருப்பும்போது உரசும், வண்டி உயரமாகி இப்போது விழுவதை விட நன்றாகவே விழும். உயரமான டயர் என்றால் கியர் கூடின கணக்கு, பினியனை (மோட்டார் தண்டில் இருக்கும் பல்சக்கரத்தை) சின்னதாக மாற்றாவிட்டால் மோட்டார் கையை வைக்க முடியாத அளவுக்குச் சுடும். எங்கள் வெயிலில் அது சீக்கிரமே நடக்கும். டிஆர்எக்ஸ்-4க்கு போர்ட்டல் ஆக்சில் இருக்கிறது, ஆக்சில் ஏற்கெனவே சக்கர மையத்துக்கு மேலே தூக்கித்தான் நிற்கிறது, கீழே இடம் போதும்.

களிமண்ணுக்கு வருகிறேன். வயலில் டிராக்டர் சேற்றுழவுக்கு ஏன் கேஜ் வீல் (கூண்டு மாதிரி இரும்புச் சக்கரம்) மாட்டுகிறார்கள் என்று யோசித்தால் பாதி விடை வந்துவிடும். ரப்பர் பட்டன்களுக்கு நடுவே களி அடைத்தால் அதை உதறுவதற்கு வேகம் வேண்டும், கிராலர் ஊர்ந்து போகிற வண்டி, உதறாது. அதனால் பட்டன்களுக்கு இடையே இடம் அதிகமாக இருக்க வேண்டும், டயர் ஒடுக்கமாகவும் இருந்தால் மேல் சேற்றை அறுத்துக்கொண்டு கீழே இருக்கிற கெட்டித் தளத்தைத் தொடும். இன்டர்கோ சூப்பர் ஸ்வாம்பர் மாதிரி தடித்த பட்டன் டயர்கள் அதற்கானவை. ஹைராக்ஸ் மாதிரி நெருக்கப் பட்டன் டயர் கருங்கல்லில் அட்டகாசம், களியில் உங்கள் இப்போதைய கதைதான். கொள்ளிடத்து மணல் இரண்டுக்கும் நேர் எதிர், அகலமான டயர் மேலே மிதக்க வேண்டும், பட்டன் ஆழமாக இருந்தால் தனக்குத்தானே குழி தோண்டிக்கொள்ளும். மூன்றுக்கும் ஒரே டயர் என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

இருப்பதை வெட்டலாம், கம்பெனி டயர்தானே, பழகுவதற்கு நல்லது. நடு வரிசையில் ஒன்று விட்டு ஒரு பட்டனை நிப்பரால் அடியோடு நறுக்குங்கள், டயர் தோலை அறுத்துவிடாதீர்கள். ஓரப் பட்டன்களைத் தொடவே வேண்டாம், கல் இடுக்கில் சக்கரம் சிக்கும்போது பிடிப்பது அவைதான். மீதி நிற்கும் பட்டன்களில் கட்டர் பிளேடால் குறுக்கே ஒரு கீறல், பாதி ஆழம், பிளேடைச் சோப்புத் தண்ணீரில் தொட்டுக்கொண்டால் ரப்பர் இழுக்காது. அந்தக் கீறலால் பட்டன் இரண்டாக விரிந்து ஈரக் கல்லில் நன்றாகப் பிடிக்கும். முதலில் பின் டயரில் செய்து பாருங்கள். தண்ணீர் வடிய டயர் நடுவில் இரண்டு ஓட்டை, எதிரெதிராக. செருப்பு தைக்கிறவரிடம் இருக்கிற பஞ்ச் அருமையாகப் போடும். ரிம்மில் ஓட்டை இருந்தால் டேப் ஒட்டி அடைத்துவிடுங்கள்.

பாறை வேண்டும் என்றால் தரங்கம்பாடி கடற்கரைக்கு வாருங்கள், அலைத் தடுப்புக்குக் கொட்டிய கருங்கல் எல்லாம் ஆள் உயரம், நம் பக்கத்தில் அதற்கு ஈடு கிடையாது. அலை அடிக்காத மேல் வரிசையில் மட்டும் ஓட்டுங்கள். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, பேரிங்குக்கு எண்ணெய் விடாவிட்டால் உப்பு தின்றுவிடும்.

மலைக்கோட்டை ஆர்சி:
வெட்டுவதைப் பற்றிச் சொன்னது சரி. எடைக்கு இன்னொன்று, உங்களிடம் வலை ஈயம் மலிவாகக் கிடைக்கும், அதையே வரிசையாகக் கோத்து ரிம்மில் சுற்றலாம். ஈயத்தைத் தொட்டால் கையைக் கழுவுங்கள், குழந்தைகள் கைக்கு எட்ட வேண்டாம். பாறை தேடி நார்த்தாமலை வரை வருகிறவர்கள் கோயில், குடைவரை இருக்கிற பக்கம் வண்டியை இறக்காதீர்கள், அது தொல்லியல் துறைப் பாதுகாப்பில் இருக்கிறது. வல்லம் பக்கத்துச் செம்புறாங்கல் மேடே போதும், சொரசொரப்பு அதிகம், ஆனால் மிருது ரப்பரை அரம் போலத் தேய்க்கும்.

மன்னை மதகு:
ரொம்ப நன்றி அண்ணா, இரண்டு பேருக்கும். தராசு போட்டுப் பார்த்தேன், முன்னால் பாதிகூட இல்லை! இன்னொரு சந்தேகம், கம்பெனி டயர் ரிம்மோடு பசை போட்டு ஒட்டியிருக்கிறது, ஃபோமை மாற்ற எப்படிப் பிரிப்பது?

பொறையார் கரை:
நன்றாகக் கொதிக்கிற தண்ணீரில் முக்கி வைத்து, இடுக்கியால் எடுத்து, சூட்டோடு ஓரத்தை நெம்புங்கள், பசை விட்டுக்கொடுக்கும். விடாத இடத்துக்கு மறுபடி முக்குங்கள். சமையல் பாத்திரத்தில் செய்யாதீர்கள், வீட்டில் ரகளையாகும். அசிட்டோனும் பசையைக் கரைக்கும், பிளாஸ்டிக் ரிம்மையும் சேர்த்துக் கெடுக்கும். திரும்பத் திரும்பப் பிரித்து ஃபோம் மாற்றிப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் டயர் காசை இப்போதைக்கு பீட்லாக் ரிம்மில் போடுங்கள், பசையே வேண்டாம், வளையத்தை ஸ்க்ரூ போட்டு இறுக்கினால் டயர் நிற்கும். ஸ்க்ரூவை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். 12 எம்எம் ஹெக்ஸ் (ரிம் மாட்டும் அறுகோணம்) என்று மட்டும் பார்த்து வாங்காமல் ஆஃப்செட்டையும் (ரிம் எவ்வளவு உள்ளே, வெளியே தள்ளி நிற்கும் என்பதை) கேளுங்கள், போர்ட்டல் ஆக்சில் முனையில் இருக்கும் கியர் பெட்டி ரிம்முக்குள்ளே வருவதால் சில ரிம்கள் உரசும்.