அப்டேட்: ஓவன் எஃப்3 எரர், சென்சார் இல்ல, வயர்தான்

போன வாரம் கேட்டிருந்தேன்ல, ஓவன் ஆன் பண்ணி பத்து நிமிஷத்துல டிஸ்ப்ளேல எஃப்3ன்னு எரர் கோடு வந்து பீப் அடிச்சு நின்னுடுது, மேல அடுப்பு மட்டும் நல்லா எரியுதுன்னு, அது சரியாயிடுச்சு. நிறைய பேர் ஓவன் சூட்ட அளக்குற சென்சார மாத்த சொன்னீங்க, மாத்தினேன், மறுபடி அதே எரர், ரொம்ப நொந்துட்டேன்.

அப்புறம் பிரேக்கர ஆஃப் பண்ணிட்டு மல்டிமீட்டர் வச்சு பாத்தா பழசு, புதுசு ரெண்டுமே 1,090 ஓம் பக்கம் காட்டுது. சூடு ஏற ஏற ரெசிஸ்டன்ஸ் கூடுற இந்த பிளாட்டினம் டைப் சென்சாருக்கு ரூம் டெம்பரேச்சர்ல அதான் சரியான அளவு, 175 டிகிரி செல்சியஸ்ல 1,660 கிட்ட ஏறும். அப்போ பழைய சென்சார் மேல தப்பே இல்ல.

சென்சார மாட்டிட்டு, ஓவன கண்ட்ரோல் பண்ற போர்டு பக்க பிளக்குல இருந்து அளந்தேன், வயர லேசா ஆட்டினதும் ரீடிங் காணாம போச்சு. பின்னாடி தகட்ட கழட்டினா கனெக்டர்ல ஒரு பின் கருத்துப்போயி லூசா நிக்குது, பக்கத்துல வயர் உறை தொட்டாலே அப்பளமா உதிருது. சூடேறினா அந்த பின் விலகிடுது போல, வயர் விட்டுப்போனா போர்டுக்கு ரெசிஸ்டன்ஸ் எக்கச்சக்கமா தெரியும், அதான் எரர் போட்டு ஹீட்ட கட் பண்ணிருக்கு.

கெட்ட பகுதிய வெட்டிட்டு சூடு தாங்குற வயர் போட்டு பீங்கான் கனெக்டர்ல முறுக்கினேன். தயவுசெஞ்சு அங்க சாதா இன்சுலேஷன் டேப் சுத்தாதீங்க, உருகிடும். நேத்து 200 டிகிரில ஒரு மணி நேரம் ஓட்டினேன், எரர் வரல. வயர ஆட்டிப் பாக்க சொன்னவருக்கு ரொம்ப நன்றிங்க.