கவிழ்ந்த படகின் கீழ்த்தளத்தில் லைஃப் ஜாக்கெட் காப்பாற்றுமா, கொல்லுமா?

கூடலூர்க்காரன்:
பக்கத்துத் திரியில் ஒரு மேதாவி எழுதியிருக்கிறார்: "தேக்கடியில் 2009-ல் எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட் மாட்டியிருந்தால் 45 பேரும் வீடு திரும்பியிருப்பார்கள்." படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. அந்த 'ஜலகன்யகா' இரண்டு தளப் படகு ஐயா. செப்டம்பர் 30 மாலை, கரையில் விலங்கு தெரிகிறது என்று கூட்டம் ஒரே பக்கம் ஒதுங்கியது, படகும் அந்தப் பக்கமே படுத்தது, 45 பேர் செத்தார்கள். கீழ்த்தளத்தில் இருந்தவர்கள் உள்ளேயே மாட்டிக்கொண்டார்கள். தலைகீழான படகிலிருந்து வெளியே வர முதலில் கீழ்நோக்கி முங்க வேண்டும், வாசலையோ சன்னலையோ தடவிப் பிடிக்க வேண்டும், அதற்கப்புறம்தான் மேலே. நுரைப்பஞ்சு ஜாக்கெட் முங்க விடுமா? கீழ்த்தளத்தில் இருந்தவனுக்கு அது எமன். இதற்குப் பதில் சொல்லிவிட்டு அப்புறம் அறிவுரை எழுதட்டும்.

சமவெளி:
அந்த மேதாவி நான்தான். பெயர் சொல்லியே திட்டியிருக்கலாம், ஒன்றும் தேய்ந்துவிடாது. அமெரிக்கக் கடலோரக் காவல்படை ஆண்டுதோறும் கணக்கு வெளியிடுகிறது. 2023-ல் பொழுதுபோக்குப் படகு விபத்துகளில் 564 பேர் இறந்தார்கள். மூழ்கி இறந்தவர்களில் 87 சதவீதம் பேர் ஜாக்கெட் போடாதவர்கள். ஜாக்கெட் எமன் என்றால் இந்தக் கணக்கு எப்படி வந்தது?

கூடலூர்க்காரன்:
//87 சதவீதம்//
அதில் பெரும்பாலானவை தூண்டில் போடுகிறவன் ஓட்டும் சின்னத் திறந்த படகு, துடுப்புப் படகு. கூரையில்லை, தளமில்லை. நான் கேட்டது கீழ்த்தளம். கீ-ழ்-த்-த-ள-ம்.

பழவேற்காட்டான்:
உங்கள் கீழ்த்தளக் கதையை எங்கள் ஊரில் வந்து பேசாதீர்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காடு ஏரியில் சுற்றிப் பார்க்கப் போனவர்களில் 22 பேர் செத்தார்கள். மீன்பிடிப் படகு. கூரை ஏது, தளம் ஏது? ஒருவர் மேலும் ஜாக்கெட் இல்லை. இருந்திருந்தால் எங்கள் ஆட்கள் படகோடு போய்ச் சேரும்வரை மிதந்திருப்பார்கள்.

அப்புறம் ஒன்று. ஆனாலும் மீனவன் யாரும் ஜாக்கெட் போடுவதில்லை. வலை மாட்டும். எங்களுக்குத் தண்ணீர் பழக்கம்.

சமவெளி:
//எங்களுக்குத் தண்ணீர் பழக்கம்//
அண்ணே, ஒரே பதிவில் எனக்கு ஆதரவாகவும் எதிராகவும் பேச உங்களால்தான் முடியும்.

பழவேற்காட்டான்:
ஆதரவு எதிர்ப்பு எல்லாம் உங்கள் கணக்கு. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

கப்பல்காரன்:
இரண்டு பேருமே விஷயத்தை விட்டுவிட்டீர்கள். ஜாக்கெட் கடைசி வரிசை. படகு ஏன் கவிழ்ந்தது என்பதுதான் முதல் கேள்வி. மேல்தளத்தில் ஆள் ஏற ஏற எடை மையம் மேலே போகும். அந்தக் கூட்டம் ஒரே பக்கம் நகர்ந்தால், சாய்ந்த படகை நிமிர்த்தும் விசை போதாமல் போகும். 1915 ஜூலையில் சிகாகோ ஆற்றில் 'ஈஸ்ட்லேண்ட்' என்ற ஏரிக் கப்பல் துறையில் கட்டியிருந்தபடியே புரண்டது, 844 பேர் செத்தார்கள். கரை கைக்கெட்டும் தூரம்! டைட்டானிக்குக்கு அப்புறம் வந்த சட்டத்துக்காக மேலே ஏற்றிய உயிர்காக்கும் படகுகள் அந்தக் கப்பலை இன்னும் தலைகனமாக்கின. பாதுகாப்புச் சாமான் ஏற்றியே கப்பலைக் கவிழ்த்தார்கள். கப்பலில் வேலை பார்த்தவன் சொல்கிறேன், மேல்தளத்துக்கு எத்தனை பேர் என்று தனி எண் எழுதாத படகில் நான் ஏற மாட்டேன்.

கூடலூர்க்காரன்:
வாருங்கள் கப்பல் சார். இன்வெர்ட்டர் திரியில் "பேட்டரிக்குக் குழாய்த் தண்ணீரே போதும்" என்று சொன்னவர் இங்கே எடை மையம் பேசுகிறார். அது இருக்கட்டும். ஈஸ்ட்லேண்டிலும் உள்ளே மாட்டியவர்கள்தானே ஏராளம்? நான் சொன்னதற்குத்தான் சாட்சி கொண்டுவந்திருக்கிறீர்கள், நன்றி.

கப்பல்காரன்:
குழாய்த் தண்ணீர் என்று நான் சொல்லவே இல்லை. *அவசரத்துக்கு* என்று சொன்னேன். பழைய பதிவைத் தேடிப் பாருங்கள்.

கூடலூர்க்காரன்:
தேடிவிட்டேன். "அவசரத்துக்கு" என்பது மறுநாள் திருத்தியது.

ஊட்டிக்காரி:
பேட்டரியை விட்டுவிட்டு ஏரிக்கு வருகிறீர்களா? எங்கள் பக்கம் தினமும் பார்க்கிற காட்சி இது. படகில் ஏறும்போது ஆரஞ்சு ஜாக்கெட்டை மாட்டி விடுகிறார்கள். பாதிக்கு மேல் கொக்கி உடைந்தது, சணல் கயிற்றால் முடிச்சு. படகு நாலு அடி போனதும் செல்ஃபிக்காக அதையும் அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொள்கிறார்கள். ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பெரியவர் அளவு. தோள்பட்டை இரண்டையும் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள், ஜாக்கெட் காதைத் தாண்டி வரும். தண்ணீரில் விழுந்தால் ஜாக்கெட் மிதக்கும், பிள்ளை கீழே நழுவும். போதாததற்கு மலை ஏரித் தண்ணீரின் குளிரில் சட்டென்று விழுந்தால் முதல் மூச்சையே வாய் பிளந்து இழுத்துவிடுவோம், நீச்சல் வீரனும் அதற்கு விலக்கில்லை. நீங்கள் என்னடா என்றால் கீழ்த்தளம் மேல்தளம் என்று.

கூடலூர்க்காரன்:
அக்கா சொல்வது அத்தனையும் சரி. அதெல்லாம் மிதிபடகு. கீழ்த்தளம் இல்லாத படகில் ஜாக்கெட் வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்?

ஊட்டிக்காரி:
தலைப்பைப் படிக்கிறவன் அப்படித்தான் எடுத்துக்கொள்வான். "ஜாக்கெட் கொல்லும் என்று போட்டிருந்தது" என்று நாளைக்கு என் வீட்டு விருந்தாளி வந்து சொல்வார்.

சமவெளி:
அதேதான். 2024 ஜனவரி 18, வடோதரா ஹர்ணி ஏரி. பள்ளிப் பிள்ளைகள் 12 பேர், ஆசிரியைகள் 2 பேர் செத்தார்கள். அளவுக்கு மேல் ஏற்றினார்கள், எல்லோருக்கும் ஜாக்கெட்டும் கொடுக்கவில்லை. அங்கே எந்தக் கீழ்த்தளம் கொன்றது? சொல்லுங்கள் கூடலூரே.

கூடலூர்க்காரன்:
திரும்பவும் திறந்த படகு! கேட்ட கேள்வியைத் தவிர ஊரில் உள்ள எல்லா ஏரிக்கும் பதில் வருகிறது. சரி, நானே கொண்டுவருகிறேன்.

1996, எத்தியோப்பியன் விமானம் 961. கடத்தப்பட்டு, எரிபொருள் தீர்ந்து, கொமொரோஸ் கரையோரம் கடலில் இறங்கியது. உள்ளே இருக்கும்போதே ஜாக்கெட்டை ஊதிக்கொண்டவர்கள் தண்ணீர் ஏறியதும் கூரையில் ஒட்டிக்கொண்டார்கள். வெளியே வந்தபின் ஊது என்று பணிப்பெண்கள் இன்றைக்கும் ஒவ்வொரு விமானத்திலும் சொல்வது எதற்காக? ஊதும் ஜாக்கெட்டையாவது ஊதாமல் வைக்கலாம். படகில் தருவது நுரைப்பஞ்சு, அது ஊதியே பிறந்தது.

விமானம் வேண்டாமா, ஏரியே தருகிறேன். 1999 மே, அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலம், ஹாமில்டன் ஏரி. தரையிலும் தண்ணீரிலும் ஓடும் சுற்றுலா வண்டி மூழ்கி 13 பேர் இறந்தார்கள். மேலே போட்டிருந்த கூரைதான் ஆட்களைப் பிடித்து வைத்தது, அதைக் கழற்றுங்கள் என்று அந்த நாட்டு விபத்து விசாரணை வாரியம் சொன்னது. யாரும் கேட்கவில்லை. 2018 ஜூலையில் மிசூரியின் டேபிள் ராக் ஏரியில் அதே வகை வண்டி, அதே கூரை. 31 பேரில் 17 பேர் போனார்கள். அதற்கும் அப்புறம் 2022 கடைசியில்தான் கூரையை எடுக்கச் சொல்லிச் சட்டம் போட்டார்கள். ஆளைத் தடுக்கும் கூரையை எடு என்றுதான் நானும் சொல்கிறேன்.

சமவெளி:
டேபிள் ராக் கதையில் பாதியை முழுங்கிவிட்டீர்களே! இடிமழை எச்சரிக்கை வந்த பிறகும் வண்டியைத் தண்ணீரில் இறக்கினார்கள். ஜாக்கெட் வண்டியிலேயே இருந்தது. "தேவைப்படாது" என்று ஓட்டியவர் சொன்னார், யாரும் போடவில்லை. போடாமல்தான் 17 பேர் செத்தார்கள்.

கூடலூர்க்காரன்:
போட்டிருந்தால் கூரைக்குள் ஒட்டியிருப்பார்கள்.

சமவெளி:
போடாததால் செத்தார்கள் என்பது நடந்தது. போட்டிருந்தால் என்பது உங்கள் கற்பனை.

கூடலூர்க்காரன்:
"45 பேரும் வீடு திரும்பியிருப்பார்கள்" என்பது மட்டும் நடந்ததா?

மதுரைமைந்தன்:
யாருமே பேசாத ஒன்று. அந்தத் தேக்கடி ஏரி எப்படி வந்தது? 1895-ல் பென்னிகுவிக் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையால் வந்தது. 1970 ஒப்பந்தத்தில் மீன்பிடி உரிமையையும் விட்டுக்கொடுத்தோம். படகு டிக்கெட் காசு அவர்களுக்கு, செத்தவர்களில் நம்மாட்களும் உண்டு. இதை யார் கேட்பது?

மீனச்சில்:
நான் கேரளத் தமிழன். அணைக்கும் படகுக்கும் என்ன சம்பந்தம்? 2023 மே 7, தானூரில் மீன்பிடிப் படகை மாற்றிக் கட்டிய இரண்டு தளப் படகு, இருட்டிய பிறகு ஓட்டி 22 பேர் செத்தார்கள். பெரும்பாலும் மலப்புறத்து ஏழைப் பிள்ளைகள். அதற்கும் பென்னிகுவிக்கை இழுப்பீர்களா?

மதுரைமைந்தன்:
அணையின் 142 அடி நீர்மட்டத்தைப் பற்றிக் கேட்டால் உடனே உங்களுக்குச் சம்பந்தம் இல்லாமல் போய்விடும்.

மீனச்சில்:
யார் 142 அடியைப் பற்றிக் கேட்டது??

நெறியாளர்:
அணை விவகாரத்துக்குத் தனித் திரி இருக்கிறது, இங்கே வேண்டாம். கடைசி எச்சரிக்கை.

கூடலூர்க்காரன்:
நெறியாளருக்கு நன்றி. மீனச்சில் தம்பி தானூரைச் சொன்னதும் நல்லதாகப் போயிற்று. இரண்டு தளம். கவிழ்ந்ததும் உள்ளே மாட்டிக்கொண்டவர்கள். நான் முதல் பதிவில் சொன்னது அப்படியே.

கப்பல்காரன்:
ஒரு தொழில்நுட்ப விளக்கம். ஜாக்கெட் எல்லாம் ஒன்றல்ல. மிதக்க வைக்கும் விசை 50 நியூட்டன் என்றால் அது மிதக்க உதவும் உடுப்பு மட்டும்தான், நீந்தத் தெரிந்தவனுக்கு. 150 நியூட்டன் என்றால் மயங்கியவனையும் முகம் மேலே இருக்கும்படி திருப்பும். நம் ஏரிகளில் கொடுப்பது எது என்று யாராவது உள்பக்கச் சீட்டைப் பார்த்ததுண்டா? அதைவிட, கூடலூர்க்காரர் சொல்லும் நிலை மிக அரிது. பெரும்பாலும் சாய்ந்துகொண்டே இருக்கும் படகிலிருந்து ஆள் வெளியே எறியப்படுவான், அப்போது ஜாக்கெட்தான் துணை.

கூடலூர்க்காரன்:
"மிக அரிது." தேக்கடி, தானூர், ஹாமில்டன், டேபிள் ராக், ஈஸ்ட்லேண்ட். கடைசியது நீங்கள் கொண்டுவந்தது. அரிது என்பதற்கு இன்வெர்ட்டர் திரியில் என்ன பொருளோ அதேதான் இங்கும் போல.

கப்பல்காரன்:
இந்த மனிதரோடு இனி எந்தத் திரியிலும் பேசுவதாக இல்லை.

பழவேற்காட்டான்:
போன மாதமும் இதையே சொன்னீர்கள் சார்.

ஊட்டிக்காரி:
இருட்டிய பிறகு ஓட்டக் கூடாது, குடித்துவிட்டு ஏற்றக் கூடாது, நின்றுகொண்டு படம் எடுக்கக் கூடாது. 2021-ல் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் என்று புதிதாகவே வந்திருக்கிறது, பதிவு, தகுதிச் சான்று எல்லாம் அதில் உண்டு. இவ்வளவு நீளத் திரியில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

கூடலூர்க்காரன்:
தனித் திரி தொடங்குங்கள் அக்கா, வருகிறேன். இங்கே சமவெளி ஒரே ஒரு பதில் பாக்கி வைத்திருக்கிறார். கவிழ்ந்த படகின் கீழ்த்தளம். நுரைப்பஞ்சு ஜாக்கெட். முங்குவது எப்படி?

சமவெளி:
கீழ்த்தளத்துக்கு ஆளையே ஏற்றாதே என்பதுதான் பதில்.

கூடலூர்க்காரன்:
அப்படியென்றால் கீழ்த்தளத்தில் ஜாக்கெட் உதவாது என்று ஒப்புக்கொண்டீர்கள்.

சமவெளி:
எங்கே ஒப்புக்கொண்டேன்? ஏற்றாதே என்றேன். உங்களுக்குத் தமிழ் புரியுமா புரியாதா?

மதுரைமைந்தன்:
நெறியாளரே, அணைத் திரி பூட்டியிருக்கிறதே, அங்கே எப்படி எழுதுவது?