நீதிமன்றம் வலுவில்லாத நாடுகளில் லஞ்சம் குறைந்ததை நேரில் கண்டவர்கள்: அனுபவப் பகிர்வு

மருத்துவர், மதுரை

1990-களின் இறுதியில் ஜார்ஜியாவின் தலைநகர் திபிலீசிக்கு மருத்துவம் படிக்கச் சென்ற எனக்கு, அந்நாட்டு அரசு முதலில் அறிமுகமானது போக்குவரத்துக் காவலர் நீட்டிய தடியாகத்தான். வாடகைக் கார் நிற்கும். ஓட்டுநர் இறங்கிப் போய்ப் பணத்தை மடித்துக் கையில் வைத்துவிட்டுத் திரும்புவார். என்ன குற்றம் என்று இருவரும் பேசிக்கொள்வதே இல்லை. ஒருமுறை விசாரித்தபோது அந்த ஓட்டுநர் காவலரைத் திட்டவில்லை. மாதக்கணக்கில் சம்பளம் காணாதவர், வேலையையே விலை கொடுத்து வாங்கியவர், வசூலில் ஒரு பங்கை மேலே அனுப்பியாக வேண்டியவர், வேறு என்ன செய்வார் என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

2003 நவம்பரில், தேர்தல் மோசடியை எதிர்த்து மக்கள் திரண்ட ரோஜாப் புரட்சி நடந்து அதிபர் ஷெவர்ட்நாட்சே பதவி விலகினார். அடுத்த ஆண்டு அதிபரான மிகைல் சாகாஷ்விலி, போக்குவரத்துக் காவல் பிரிவையே கலைத்துச் சுமார் 16,000 பேரை வீட்டுக்கு அனுப்பினார். இதைக் கொடூரம் என்று சொல்பவர்கள் உண்டு. நேர்மையாக நடந்த சிலரும் அதில் வேலையிழந்திருப்பார்கள் என்பதை நானும் மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொருவரையும் தனித்தனியே விசாரித்திருந்தால், விசாரிப்பவருக்கும் சேர்த்து மாமூல் போயிருக்கும் என்பதே அன்றைய நிலை. புதிய ரோந்துக் காவலர் வரும் வரை சில வாரங்கள் சாலைகளில் காவலே இல்லை. அதனால் பெரிய குழப்பம் எதுவும் நேர்ந்துவிடவில்லை. புதிதாக எடுக்கப்பட்டவர்களுக்குச் சம்பளம் பல மடங்கு உயர்ந்தது. அவர்கள் கை நீட்டுகிறார்களா என்று சோதிக்க மாறுவேடத்தில் ஆட்கள் வண்டியோட்டிச் சென்றார்கள். 2005-இல் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கு நாடு முழுவதும் ஒரே நுழைவுத்தேர்வு வந்தபோது, வினாத்தாள் உள்நாட்டில் கசியக்கூடாது என்பதற்காக அதை இங்கிலாந்தில் அச்சிட்டுக் கொண்டுவந்தார்கள்.

பல ஆண்டுகள் கழித்து, அங்கே வீடு வாங்கிய நண்பருடன் பத்திரப் பதிவுக்காகத் திபிலீசியின் பொதுச் சேவை மாளிகைக்குச் சென்றேன். கடவுச்சீட்டு, திருமணப் பதிவு, சொத்துப் பதிவு என எல்லாமே ஒரே கூரையின் கீழ் நடந்தன. என் கவனத்தை ஈர்த்தது கட்டணப் பட்டியல். அன்றே வேலை முடிய வேண்டுமானால் கூடுதலாக இவ்வளவு என்று வெளிப்படையாக அச்சிட்டு, ரசீதும் தருகிறார்கள். முன்பு அதிகாரியின் பைக்குள் போன ‘அவசரப் பணம்’ இப்போது அலுவலகக் கணக்கில் வரவாகிறது. எத்தனையோ வழக்குகள் சாதிக்க முடியாததை இந்தப் பட்டியல் சாதித்திருக்கிறது என்பது என் எண்ணம்.

ஊழல் குறைந்த நாடுகளை முன்னிடத்தில் வரிசைப்படுத்தும் டிரான்ஸ்பரன்சி இன்டர்நேஷனல் அமைப்பின் குறியீட்டில் 2003-இல் 133 நாடுகளில் 124-ஆம் இடத்தில் இருந்த ஜார்ஜியா, 2012-இல் 51-ஆம் இடத்துக்கு ஏறியது. ஆனால் அதே 2012 செப்டம்பரில் சிறைக் கைதிகள் சித்திரவதை செய்யப்படும் காணொளிகள் வெளியாயின. அடுத்த மாதத் தேர்தலில் சாகாஷ்விலியின் கட்சி தோற்றது. காவலரை மாற்றியவர்கள் நீதிபதிகளைச் சுதந்திரமாக விடவில்லை.

கணக்காய்வாளர், கம்பாலா

எங்கள் உகாண்டாவில் யாரையும் கூண்டோடு நீக்கவில்லை. 1991 முதல் 1995 வரை, ஆரம்பப் பள்ளிகளுக்கு மாணவர் எண்ணிக்கையைக் கணக்கிட்டு மைய அரசு அனுப்பிய மானியத்தில் சராசரியாக 13 சதவீதமே பள்ளிகளைச் சென்றடைந்தது என்று ஓர் ஆய்வு காட்டியது. மீதி மாவட்ட நிர்வாகத்தில் நின்றுவிட்டது. அதன் பிறகு, எந்த மாவட்டத்துக்கு எவ்வளவு அனுப்பப்பட்டது என்பதை நாளிதழ்களில் வெளியிட்டார்கள். பள்ளிகளும் வந்த தொகையை எழுதி ஒட்ட வேண்டும் என்று விதித்தார்கள். 2001-இல் 80 சதவீதத்துக்கு மேல் போய்ச் சேர்ந்தது. நிதி வழங்கும் முறையே அப்போது மாறியதால், முழுப் புகழையும் நாளிதழுக்குத் தர இயலாது என்று வாதிடுவோரும் உண்டு. அது நியாயமான வாதமே. இருந்தாலும், கிராமப் பள்ளி ஒன்றின் சுவரில் ஒட்டியிருந்த தாளைக் காட்டி, “இந்தப் பணத்தில் வாங்கிய பெஞ்சு எங்கே?” என்று ஒரு தாய் தலைமையாசிரியரை நிறுத்திக் கேட்டதை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன்.

பெரிய கைகளை இது தொடவில்லை. ஊழல் வழக்குகளுக்கென 2008-இல் உயர் நீதிமன்றத்தில் தனிப்பிரிவு வந்த பிறகும், 2012-இல் பிரதமர் அலுவலகத்திலேயே நன்கொடை நாடுகளின் பணம் களவுபோனது தெரியவந்து, அந்நாடுகள் உதவியை நிறுத்தின.

ஏலக்காய் வணிகர், போடிநாயக்கனூர்

பெரிய கைகளைத் தொட்ட நாடு ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். ஏலக்காய் ஏற்றுமதியில் எங்களுக்குப் பெரும் போட்டியான குவாத்தமாலாவுக்கு 2015-இல் வணிக வேலையாகச் சென்றிருந்தேன். சனிக்கிழமைதோறும் தலைநகரின் மையச் சதுக்கத்தில் குடும்பம் குடும்பமாகக் கூடினார்கள். சுங்க வரியைக் குறைத்துக் காட்ட இறக்குமதியாளர்களிடம் லஞ்சம் வாங்கிய கும்பலின் தலைமையில் அதிபரும் துணை அதிபரும் இருந்தார்கள் என்ற குற்றச்சாட்டே காரணம். அந்த வழக்கை உள்நாட்டு வழக்குரைஞர்களோடு சேர்ந்து கட்டியது, ஐ.நா. உடன்பாட்டின்படி 2007 முதல் இயங்கிய சிசிக் என்ற பன்னாட்டு ஆணையம். வெளிநாட்டு விசாரணையாளரை மிரட்டுவதும் விலைக்கு வாங்குவதும் உள்ளூர் அரசியலுக்கு எளிதல்ல. ஆணையத்தின் பலம் அதுதான் என்று என்னோடு வணிகம் செய்த ஏற்றுமதியாளர் சொன்னார். செப்டம்பரில் அதிபர் ஓட்டோ பெரெஸ் மொலினா பதவி விலகிச் சிறைக்குப் போனார்.

அடுத்த தேர்தலில் வென்று அதிபரான ஜிம்மி மொராலெஸ், தன்னையும் தன் குடும்பத்தாரையும் விசாரிக்கத் தொடங்கிய ஆணையத்தின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. 2019 செப்டம்பரில் அது மூடப்பட்டது. அதோடு இணைந்து பணியாற்றிய நீதிபதிகளும் வழக்குரைஞர்களும் பலர் நாட்டைவிட்டே வெளியேறினார்கள். 2023 தேர்தலில் ஊழல் எதிர்ப்பை முன்வைத்து வென்ற பெர்னார்டோ அரேவலோ, தன் வெற்றியையே முடக்க முயன்ற தலைமை அரசு வழக்குரைஞரைப் பதவியேற்ற பிறகும் நீக்க முடியவில்லை. குற்றத் தீர்ப்பு இல்லாமல் அதிபர் அப்பதவியில் இருப்பவரை நீக்கக்கூடாது என்று சட்டம் திருத்தப்பட்டது 2016-இல். ஊழலை விசாரிப்பவர்களுக்கு அதிபரிடமிருந்து பாதுகாப்பு வேண்டும் என்பதே அன்று சொல்லப்பட்ட காரணம்.