எஸ்டேட்டே இல்லை, இந்தக் 'கிராணி' யார்?

பழைய கிராணி (சுங்கை சிப்புட், மலேசியா):
வணக்கம். நான் கிராணியாக, அதாவது கணக்கெழுதும் குமாஸ்தாவாக, வேலை பார்த்த தோட்டத்தில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. அப்புறம் தொழிலாளர் இருந்த லயத்தை (வரிசை வீடுகளை) இடித்துத் தாமான் என்ற புதுக் குடியிருப்பு கட்டினார்கள். ஆபீஸ் இருந்த இடத்தில் இப்போது கார் கழுவுகிறார்கள். ஆனாலும் பசாரில் பார்ப்பவர்கள் "என்ன கிராணி, சாப்பிட்டாச்சா?" என்றுதான் கேட்கிறார்கள். பெரட்டில் (வேலைக்கு முன் ஆள் கணக்கெடுக்கும் கூட்டத்தில்) பெயர் கூப்பிடும்போது என் குரலே தனி. (வீட்டில் அது எடுபடாது, அது வேறு கதை.) இப்போது கிராணி என்றால் வேறு யாரையோ கூப்பிடுவதுபோல் இருக்கிறது. வருத்தமில்லை, லேசாக இருக்கிறது. 'நான்' என்று நிலையாக ஒன்றுமில்லை என்று புத்தர் சொன்னது இதுதானா? இல்லை, வயதாகி மனசு மரத்துப்போனதா?

தைப்பிங் வாசகர்:
சாரநாத்தில் ஐந்து துறவிகளுக்குச் சொன்ன இரண்டாவது போதனையில் இது வருகிறது, ஐயா. உடல்தான் 'நான்' என்றால், 'இப்படி இரு' என்றதும் அது கேட்கவேண்டும் அல்லவா? என் முட்டியிடம் தினமும் சொல்கிறேன், கோயில் படியில் அது கேட்பதே இல்லை. உணர்ச்சி, நினைப்பு, அறிவு எல்லாம் அப்படித்தான். மணிமேகலை இவற்றை ஐந்து கந்தம், அதாவது ஐந்து தொகுதி, என்கிறது. உங்களுக்குப் பட்டம் கழன்றிருக்கிறது, ஆனால் 'எனக்கு லேசாக இருக்கிறது' என்பதில் அந்த 'எனக்கு' இன்னும் உட்கார்ந்திருக்கிறதே! பேரன் விழுந்து அழுதால் ஓடுகிறீர்களா? ஓடினால் மனசு மரத்துப்போகவில்லை.

சைவத்தொண்டன்:
நம் வழி வேறு, ஐயா. 13-ஆம் நூற்றாண்டில் சைவ சித்தாந்த ஆசிரியர் மெய்கண்டார் தம் சிவஞானபோத நூலின் 3-ஆம் சூத்திரத்தில் இதைத்தான் எடுத்துக்கொள்கிறார். 'உயிர் இல்லை' என்று சொல்லவே ஒரு அறிவு வேண்டும். 'எனது உடல்' என்றால் உடையவன் ஒருவன் வேண்டும். உங்களுக்கு ஆணவம் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். உயிர் எங்கும் போகவில்லை.

லயத்துப் பொண்ணு:
கிராணி ஐயா, எங்கள் லயத்தை இடித்தபோதும் ஒருவர் வந்து "எதுவும் நிலையில்லைம்மா" என்றார். அவருடைய பங்களா நிலையாகத்தான் இருந்தது! 'நான்' பொய்யாகவே இருக்கட்டும், மழைக்குக் கூரை வேண்டுமே. பற்றை விடு என்பது ஒன்று, கேட்க வேண்டியதைக் கேட்காதே என்பது வேறு. என் அம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். வெட்டிய இடத்தில் புதுப் பட்டை வளரும், அதையும் வெட்டுவார்கள். 25, 30 வருடத்தில் மரத்தையே சாய்த்துவிட்டு மறுநடவு. நிலையாமையை அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் பால் எடையைக் குறைத்து எழுதினால் கிராணியிடம் சண்டைக்குப் போய்விடுவார்.

பழைய கிராணி:
எந்த டிவிஷன் அம்மா? அந்தச் சண்டை எனக்கே நினைவிருக்கலாம். நீங்கள் சொன்னது நியாயம். தைப்பிங் நண்பரே, பேரனுக்கு ஓடுகிறேன், மூச்சுதான் வாங்குகிறது. சைவத்தொண்டன் தம்பி, 'எனது உடல்' என்றதும் ஒன்று தோன்றியது. 'எனது வேலை' என்று நான் சொன்னதே இல்லை, 'நான் கிராணி' என்றே சொல்லி வந்திருக்கிறேன். 3-ஆம் சூத்திரத்துக்கு எளிய உரை கிடைத்தால் இங்கே போடுங்கள். எழுத்து பெரிதாக இருந்தால் நல்லது.