ஒரே பிடி, நாலு ஆம்ப்

கும்பகோணம்:

லட்சத்துக்கு மேல் போட்டு கிடாருக்கு ஆம்ப் (சத்தத்தைப் பெருக்கும் பெட்டி) வாங்கினாயே, எப்படித் தேர்ந்தெடுத்தாய் என்று நாலைந்து பேர் கேட்டுவிட்டீர்கள். நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளும்.

இருபது வருடமாக இன்னிசைக் கச்சேரிகளில் கிடார் வாசிக்கிறேன். எங்கள் பக்கம் கிடார்காரர்கள் பெரும்பாலும் ஆம்ப் வைத்துக்கொள்வதில்லை. கிடார் சத்தத்தை மாற்றித் தரும் ப்ராசஸரிலிருந்து மிக்சருக்கு நேராக ஒரு ஒயர், அவ்வளவுதான். மிச்சத்தைச் சவுண்ட் சர்வீஸ்காரர் பார்த்துக்கொள்வார். அவருக்குப் பாடகர் குரல் கேட்டால் போதும். எனக்கு மட்டும் டியூப் ஆம்ப் ஆசை விடவில்லை, பழைய வால்வு ரேடியோ மாதிரி கண்ணாடிக் குழாய் வைத்தது. போன வருடம் சம்பா நெல் போட்ட பணத்தில் கொஞ்சம், கச்சேரிச் சம்பளத்தில் கொஞ்சம் சேர்ந்ததும் முற்றிவிட்டது.

நான் விசாரித்தவரை தஞ்சாவூரிலும் இங்கேயும் கடைகளில் இருப்பது பத்து, இருபது வாட் பிராக்டிஸ் ஆம்ப்தான். அதனால் முதலில் உழவன் எக்ஸ்பிரஸ் பிடித்துச் சென்னை போனேன். கடையில் ஃபெண்டர் ட்வின் ரிவர்பும் மார்ஷல் டிஎஸ்எல் 40-உம் இருந்தன. ட்வின் 85 வாட், இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர். மார்ஷல் 40 வாட், ஒரு 12 அங்குலம். கடைப் பையன் மாட்டியிருந்த விலை உயர்ந்த கிடார் ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்தான். "வால்யூம் மூணுக்கு மேல வேண்டாம் சார், பக்கத்துக் கடையில சத்தம் போடுறாங்க" என்றான். ட்வினில் ஒரு பழைய சினிமாப் பாட்டின் ஆரம்பத்தை வாசித்தேன். மார்ஷலில் டிஸ்டார்ஷன் வைத்து வேறு எதையோ. ட்வினின் முதல் கார்டிலேயே சட்டை அதிர்ந்தது. இதுதான் நமக்கு என்று முடிவு கட்டிக்கொண்டு ஊர் திரும்பினேன். நல்ல வேளை, அன்றைக்கு ஸ்டாக் இல்லை.

வீட்டில் பெரியப்பாவிடம் சொன்னேன். அவர் நாகஸ்வரக்காரர். இப்போது கச்சேரிக்குப் போவதில்லை, காது மட்டும் அப்படியே இருக்கிறது. நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, "ரெண்டுலயும் ஒண்ணையேவா வாசிச்ச?" என்றார். இல்லை என்றேன். "கிடார் உன்னுதா?" அதுவும் இல்லை.

அவர் சீவாளி, அதாவது நாகஸ்வரத்தில் வாய் வைத்து ஊதும் நாக்கு, தேர்ந்தெடுப்பதைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். திருவாவடுதுறையிலிருந்து வாங்கி வருவார். காவிரிக் கரைக் கொறுக்கை நாணலில் செய்தது. பத்துச் சீவாளி இருந்தால் பத்திலும் ஒரே பிடியை, அதாவது ராகத்தின் ஒரே சின்னத் துண்டைத்தான் ஊதிப் பார்ப்பார், அதுவும் தன்னுடைய நாகஸ்வரத்தில் செருகித்தான். இரண்டு தேறும். மற்றதெல்லாம் டப்பாவுக்குள் போகும். "ஒவ்வொண்ணுல ஒவ்வொரு ராகம் ஊதினா சீவாளியையா கேட்டே? உன்னையே கேட்டுக்கிட்டு வந்திருக்கே" என்றார். சுருக்கென்றிருந்தது.

இரண்டாவது முறை பெங்களூரு. மைசூர் எக்ஸ்பிரஸில் என்னுடைய ஸ்க்வையர் டெலிகாஸ்டர் கிடாரும், நான் எப்போதும் செருகும் கேபிளும் கூடவே வந்தன. வாசிப்பதற்கு மூன்றே விஷயம் வைத்துக்கொண்டேன். ஆபேரியில் ப நி ஸ என்று ஏறி நிஷாதத்தை இழுத்துப் பிடிக்கும் ஒரு பிடி, ஒரு பி மைனர் கார்டு, அப்புறம் உள்ளங்கையால் தந்தியை அமுக்கி அடிக்கும் ரிதம். இதைத் தவிர வேறு எதுவும் வாசிப்பதில்லை என்று எனக்கே சத்தியம் செய்துகொண்டேன். (ஒரு தடவை மீறினேன். வாக்ஸ் ஏசி30 ஆம்ப் முன்னால் உட்கார்ந்தால் யாருக்கும் கை அரிக்கும்.)

அங்கே நாலு ஆம்ப்: மறுபடி ட்வின், வாக்ஸ் ஏசி30, 22 வாட் டீலக்ஸ் ரிவர்ப், அதே டீலக்ஸின் டிஜிட்டல் வடிவமான டோன் மாஸ்டர். அந்தக் கடைக்காரர் தங்கமான மனிதர், இரண்டு மணி நேரம் விட்டுவிட்டார். போனில் டெசிபல் காட்டும் ஆப்பைப் போட்டு, ஆறடி தள்ளி ஒரு நாற்காலியில் வைத்து, நாலு ஆம்பையும் ஒரே அளவு சத்தத்துக்குக் கொண்டுவந்தேன். இந்த ஒரு வேலையில்தான் சென்னையில் நான் எடுத்த முடிவு பொடிப்பொடியானது.

சத்தம் கூடினால் காதுக்கு அடித்தொனியும் உச்சத் தொனியும் கூடுதலாகக் கேட்கும். ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1933-லேயே அளந்து சொல்லிவிட்டார்கள். அதனால் இரண்டு ஆம்பில் எது கொஞ்சம் உரக்க இருக்கிறதோ அதுதான் 'நல்ல' ஆம்பாகத் தோன்றும். வாட் கணக்கும் இதே மாதிரி ஏமாற்றும். வாட் இரண்டு மடங்கானால் 3 டெசிபல்தான் ஏறும். காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்க வேண்டுமென்றால் பத்து மடங்கு வாட் வேண்டும். சென்னையில் என் சட்டையை அதிர வைத்தது ட்வினின் குணமில்லை, வெறும் சத்தம்.

சத்தத்தைச் சமமாக்கியதும் ட்வினுக்கும் டீலக்ஸுக்கும் இருந்த தூரம் பாதியாகக் குறைந்தது. மிச்சமிருந்த வித்தியாசம் கைக்குத்தான் தெரிந்தது. நிஷாதத்தை இழுக்கும்போது ட்வின் கல் மாதிரி நிற்கிறது, விரல் செய்த பிழையெல்லாம் வெளியே வருகிறது. டீலக்ஸ் அழுத்தினால் லேசாக விட்டுக்கொடுக்கிறது. இழுத்த சுரம் உடனே சாகாமல் அசைந்து அடங்குகிறது. கமகத்துக்கு அது பெரிய உதவி. ஏசி30 கார்டுக்குப் பிறந்தது. பி மைனரில் ஒவ்வொரு தந்தியும் தனித்தனியாக மணி மாதிரி கேட்டது. ஆனால் 30 கிலோவுக்கு மேல். மேடைக்குப் பின்னால் மூங்கில் ஏணியில் அதை ஏற்றப் போவது யார்?

டோன் மாஸ்டர்? அதையும் டியூப் டீலக்ஸையும் கடைக்காரரை மாற்றி மாற்றிப் போடச் சொல்லி, நான் திரும்பி உட்கார்ந்து கேட்டேன். பத்து தடவையில் ஆறு தடவை சரியாகச் சொன்னேன். காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் அவ்வளவு வந்திருக்கும். நானே வாசித்தபோது டியூப் டீலக்ஸ் ஒரு இம்மி மேல் என்று பட்டது. அது உண்மையா, டியூப் எரிவது கண்ணுக்குத் தெரிந்ததாலா, சத்தியமாகச் சொல்ல முடியாது.

அன்றைக்கும் வாங்கவில்லை. ஊர் மின்சாரத்தில் கேட்காமல் முடிவு வேண்டாம் என்று தோன்றியது. திருச்சி நண்பர் ஒருவரிடம் டியூப் டீலக்ஸ் இருந்தது, இரண்டு நாள் இரவல் வாங்கி வந்தேன். எங்கள் தெருவில் சாயங்காலம் மோட்டார்கள் ஓட ஆரம்பித்தால் வோல்டேஜ் இறங்கும். மல்டிமீட்டரில் 190 காட்டியது. 230-க்குச் செய்த டிரான்ஸ்பார்மர், அப்போது டியூபைச் சூடாக்கும், 6.3 வோல்ட் வரவேண்டிய ஹீட்டருக்கு 5.2 தான் தரும். காலையில் துள்ளிய ஆம்ப் சாயங்காலம் தூக்கக் கலக்கத்தில் பேசியது. ராக் கிடார்காரர் எட்டி வான் ஹாலன் வேரியாக் என்ற சாமானை வைத்து வேண்டுமென்றே வோல்டேஜைக் குறைத்து மார்ஷலை வாசித்தார். அந்த வசதி எங்கள் தெருவில் செலவில்லாமலே கிடைக்கிறது. ஆனால் ஹீட்டர் குளிர்ந்துபோய் ஓடுவது டியூபுக்கு நல்லதில்லை. ஸ்டெபிலைசர் வைக்கலாம்தான், அதையும் சேர்த்து யார் சுமப்பது? போதாக்குறைக்கு அன்று இரவு மழை விட்டதும் ஈசல் கிளம்பி, டியூப் வெளிச்சத்துக்கு ஆம்பின் பின்பக்கம் புகுந்துவிட்டது. நண்பருக்குத் திருப்பிக் கொடுக்கும் முன் பெயின்ட் பிரஷால் சுத்தம் செய்தேன்.

கடைசியில் டியூப் இல்லாத டோன் மாஸ்டர் டீலக்ஸ் வாங்கினேன். டியூப் டீலக்ஸ் 19 கிலோ இருந்த இடத்தில் இது 10 கிலோ சொச்சம். பின்னால் ஒரு திருகு இருக்கிறது, 22 வாட்டிலிருந்து 0.2 வாட் வரை இறக்கலாம். வீட்டில் குழந்தை தூங்கும்போதும் வாசிக்கிறேன். எக்ஸ்எல்ஆர் லைன் அவுட்டிலிருந்து சவுண்ட் சர்வீஸ்காரருக்கு ஒயர் போய்விடும். ஆம்புக்கு முன்னால் மைக் வைக்க வேண்டாம், மைக் ஸ்டாண்டை எவனும் உதைத்துத் தள்ளுவதில்லை.

நாகப்பட்டினம்:

அண்ணே, உங்கள் அளவுக்குப் பொறுமை எனக்கு இல்லை, அதற்கான அபராதத்தைக் கட்டினேன். நான் சர்ச் கொயரில் வாசிக்கிறவன். அமெரிக்காவிலிருந்து வந்த உறவுக்காரர் ஒருவர் பழைய டியூப் ஆம்ப் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். பெரிய பெயர் உள்ள ஆம்ப். பிளக்கை மட்டும் மாற்றி நேராகச் செருகினேன். பின்பக்கம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்ததை அப்புறம்தான் படித்தேன். பட்டென்று ஒரு சத்தம். ஃபியூஸ் போனதோடு தப்பியது கடவுள் புண்ணியம்.

பிறகு 230-ஐ 120 ஆக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் வாங்கினேன். வோல்டேஜ் சரியாகிவிடும், ஹெர்ட்ஸ் மாறாது. 60-க்கு என்றே செய்த டிரான்ஸ்பார்மர் நம் 50-இல் கூடுதலாகச் சூடேறும். ஒரு மணி நேரத்துக்கு மேல் நான் ஓட்டுவதில்லை. வெளிநாட்டிலிருந்து ஆம்ப் கொண்டுவரச் சொல்கிறவர்கள் முதலில் பின்பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், சத்தம் எப்படி என்பதை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.

இன்னொன்று. கடையில் எல்லாரும் நின்றுகொண்டு வாசிப்பார்கள், ஆம்ப் தரையில் இருக்கும். ஸ்பீக்கரின் கூர்மையான சத்தம் நேர்கோட்டில் போகும், அது முழங்காலுக்குத்தான் கேட்கும். உச்சத் தொனி போதவில்லை என்று ட்ரெபிளைத் திருகிவிடுவோம், முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறவர் காதைப் பொத்திக்கொள்வார். வேளாங்கண்ணிக் கொடியேற்றம் ஆகஸ்ட் 29-ஆம் தேதி. அன்றைக்கு எங்கள் ஊர் நிகழ்ச்சி ஒன்றில் ஒரு பாட்டியம்மா எழுந்து வந்து, "தம்பி, அந்தப் பொட்டிய அந்தப் பக்கம் திருப்பு" என்றார். அதிலிருந்து ஒரு நாற்காலியில் சாய்த்து வைத்து, என் காதுக்கு நேராக வரும்படி பார்த்துக்கொள்கிறேன். கடையில் கேட்கும்போதும் ஆம்புக்கு முன்னால் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.

மன்னார்குடி:

டியூப், டியூப் என்று ஏன் இப்படி உருகுகிறீர்கள் என்றே எனக்குப் புரியவில்லை. ரோலண்ட் ஜேசி 120, செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். 1975-இல் வந்த டிசைன், உள்ளே டியூபே கிடையாது. ஆளுக்கு 60 வாட்டாக இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர், ஒரு கிடாரைப் பல கிடார் மாதிரி கேட்க வைக்கும் அதன் கோரஸுக்கு ஈடு இன்னும் நான் கேட்கவில்லை. கல் மாதிரி நிற்கிறது என்று ட்வினைக் குறை சொன்னீர்கள். கர்னாடக சங்கீதம் வாசிக்கிற எனக்கு அந்தக் கல்தான் வேண்டும். ஜாரு போடும்போது, ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகும்போது, ஆம்ப் தன் பங்குக்கு எதையும் சேர்க்கக் கூடாது. 28 கிலோ என்பதை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். குட்டி யானை இல்லாமல் நான் எங்கும் போவதில்லை.

கும்பகோணம்:

மன்னார்குடி நண்பருக்கு: உங்கள் ஜேசி 120-ஐ ஒரு நாள் வந்து கேட்கிறேன், அதே ஆபேரிப் பிடியோடு. பெரியப்பாவையும் கூட்டி வரலாமா? என் ஆம்பை முதல் நாள் திண்ணையில் உட்கார்ந்து கேட்டார். நல்லாயிருக்கு என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "அந்த எதிரொலிய நிறுத்து, நிஷாதம் எங்க இருக்குன்னு தெரியல" என்றார். ரிவர்பை இரண்டில் வைத்திருக்கிறேன்.

ஆம்புக்கு உறை எங்கே தைத்தாய் என்று தனியாகக் கேட்டவருக்கு: பெரிய கடைத்தெருவில் பைக் சீட் தைக்கிறவரிடம். அடிப்பக்கமும் மூடித் தைக்கச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் ஸ்பீக்கர் துணியை முதலில் சோதித்துப் பார்த்தது எலிதான்.