சூமாஷ் புதைகுழிக் குறிப்பேடுகளை இணையத்தில் திறந்து வைக்கலாமா?

(மணல்மேடு, ஏட்டறை, தென்றல்வாணி, குறிஞ்சிமாறன் என்ற பெயர்களில் நால்வர் நடத்தும் விவாதம்)

மணல்மேடு:

கலிஃபோர்னியாவில் சாண்டா பார்பராவுக்கு மேற்கே, கொலேட்டா உப்பங்கழியின் நடுவில் மெஸ்கலிட்டன் தீவு என்றொரு மேடு இருந்தது. 1769-இல் போர்த்தோலாவின் ஸ்பானியப் படை அவ்வழியே வந்தபோது அங்கே சூமாஷ் என்னும் கரையோரப் பழங்குடி மக்களின் பெரிய ஊரான ஹெலோ இருந்தது. 1941-இல் விமானத் தளம் அமைப்பதற்காக அந்த மேட்டின் பெரும்பகுதியை வெட்டி, அதே மண்ணால் கழியைத் தூர்த்தார்கள். சாண்டா பார்பரா இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஃபில் ஆர் அவசர அவசரமாக அகழ்ந்து கண்டவற்றை 1943-இல் ஒரு நூலாக வெளியிட்டார். வெட்டியெடுத்த அந்த மண்ணுக்குத் திரும்பிப் போய் யாரும் எதையும் சரிபார்க்க முடியாது. களக்குறிப்பேடுகளும் நிழற்படங்களும் பட்டியல் அட்டைகளுமே மிச்சம். இத்தகைய பதிவுகள் அனைத்தையும், எந்த நிறுவனத்தின் அலமாரியில் இருந்தாலும், மின்வருடி இணையத்தில் தடையின்றி வைக்க வேண்டும் என்பது என் கருத்து.

மாலிபுவை எடுத்துக்கொள்ளுங்கள். ஹுமாலிவோ என்னும் சூமாஷ் ஊரின் இடுகாடுகளை லாஸ் ஏஞ்சலிஸ் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்து பல பத்தாண்டுகள் சென்ற பிறகு, லின் காம்பிள், ஃபிலிப் வாக்கர், கிளென் ரஸ்ஸல் ஆகிய மூவரும் அந்தத் தரவுகளை மறுபடி ஆராய்ந்து 2001-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஏறத்தாழ கி.பி. 950 முதல் 1150 வரையிலான இடுகாட்டிலேயே செல்வம் சிலரிடம் மட்டும் குவிந்திருப்பதால், பிறப்பால் வரும் உயர்குடி அப்போதே உருவாகியிருந்தது என்பது அவர்கள் முடிவு. அந்த மாற்றம் அதற்குப் பின்னரே நிகழ்ந்தது என்ற நிலைப்பாட்டுடைய ஜீன் ஆர்னால்ட், டெரிசா கிரீனுடன் சேர்ந்து அடுத்த ஆண்டே அதை மறுத்தார். இந்த வழக்கில் நியாயம் யார் பக்கம் என்று நாம் சொல்ல வேண்டுமானால், செல்வத்துக்கு அடையாளமாக எந்தக் குழியில் எந்தப் பாசிமணி இருந்தது என்று காட்டும் தாள் நம் கைக்கு வர வேண்டாமா?

ஏட்டறை:

ஐயா, ‘தாள்’ என்று எளிதாகச் சொல்லிவிட்டீர்கள். நான் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழக ஆவணக்காப்பகத்தில் பணியாற்றுகிறேன். அந்தக் காலத்துப் புதைகுழிப் பதிவுத்தாளில் என்ன இருக்கும் என்று சொல்கிறேன். மேலே ஓர் எண். அதன் கீழே தரைமட்டத்திலிருந்து ஆழம். தலை எந்தத் திசையில் இருந்தது, முழங்கால்கள் மார்போடு மடங்கியிருந்தனவா, ஆணா பெண்ணா, வயது என்ன இருக்கலாம் என்பவை வரிசையாக வரும். பிறகு ஒரு பென்சில் கோட்டுப்படம்: கழுத்தருகே புள்ளி புள்ளியாக ஒலிவெல்லா நத்தை ஓட்டில் செய்த மணிகள், இடுப்பருகே நிலக்கீல் ஒட்டிய அபலோனிச் சிப்பித் துண்டு. அதோடு இணைத்த கறுப்பு வெள்ளைப் படத்தில், எலும்புகளின் பக்கத்தில் ஓர் அளவுகோல். உங்களுக்கு அது தரவு. சாண்டா யினெஸ் பள்ளத்தாக்கில் இன்று வாழும் சூமாஷ் குடும்பத்துக்கு அது தன் முன்னோரின் உடல்.

இன்னொன்றும் உண்டு. இடம் தெரிந்தால் தோண்டுகிறவர்கள் வருவார்கள். ஸ்டீவன் பவர்ஸ் என்ற போதகர் 1870களிலும் 80களிலும் சூமாஷ் பொருள்களைத் திரட்டி விற்றுவந்தார். அந்த ஆசை அவரோடு மறைந்துவிடவில்லை. அதனால்தான் 1979-ஆம் ஆண்டின் தொல்லியல் வளப் பாதுகாப்புச் சட்டம், அரசு நிலத்திலுள்ள தொல்லிடங்களின் அமைவிடத்தைப் பொதுமக்களுக்கு வெளியிடாமல் வைத்திருக்க இடம் தருகிறது. களக்குறிப்பேட்டின் முதல் பக்கமே பெரும்பாலும் வரைபடம்தான்.

தென்றல்வாணி:

அமைவிடத்தைப் பற்றி அம்மா சொல்வதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் மெஸ்கலிட்டன் தீவு இருந்த இடம் ஏற்கெனவே ஊரறிந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எனக்கு உறுத்துவது வேறு. பழங்குடி மக்களின் உடல் எச்சங்களைத் திருப்பித் தருவதற்கான 1990-ஆம் ஆண்டுச் சட்டத்தின் புதிய விதிகள் 2024 ஜனவரி 12 அன்று நடைமுறைக்கு வந்தன. எச்சங்களையும் ஈமப் பொருள்களையும் காட்சிக்கு வைக்கவும், அணுகவும், ஆராயவும் உரியவர்களின் முன்னிசைவு வேண்டும் என்று அவை சொல்கின்றன. அவற்றின் பேச்சு எலும்பையும் பொருளையும் பற்றியது. குறிப்பேட்டைப் பற்றியது அன்று. அப்படியிருக்க, ஆவணக்காப்பகங்கள் தாங்களாகவே பூட்டுப் போட்டுக்கொள்கின்றன. யாரைக் கேட்டுத் திறப்பது என்றால், அதற்கும் தெளிவான விடை இல்லை. கூட்டாட்சி அரசு ஏற்றுக்கொண்ட சூமாஷ் குழு சாண்டா யினெஸ் குழு ஒன்றே. கரையோரக் குழுவும் பார்பரேன்யோ, வென்ட்டுரேன்யோ குழுவினரும் அந்த ஏற்பு இல்லாதவர்கள். ஹெலோவின் தாளுக்கு இசைவு தர வேண்டியவர் யார்?

மணல்மேடு:

வாணி கேட்ட கேள்வியை நான் இன்னும் சற்று நீட்டுகிறேன். ஸ்பானியர் நிறுவிய மிஷன் என்னும் கத்தோலிக்கச் சமயக் குடியிருப்புகளின் பாதிரிமார் எழுதிவைத்த ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகளை ஹண்டிங்டன் நூலகம் தரவுத்தளமாக்கி 2006-இல் பொதுவில் வைத்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஞானஸ்நானங்கள் அதில் உள்ளன. சூமாஷ் மக்கள் பெயரோடும் ஊரோடும் பெற்றோரோடும் அதில் வருகிறார்கள். குடிவழியை நிறுவ முனையும் குடும்பங்களுக்கும் இன்று அந்தப் பதிவேடுகளே துணை. பெயர் உள்ள இறந்தவரின் ஏடு திறந்திருக்கலாம், பெயரே இல்லாத எண்ணின் ஏடு மட்டும் திறந்திருக்கக் கூடாது என்பது என்ன முறை?

அடுத்தது தொலைவு. பிரெஞ்சுக்காரரான லியோன் தெ செசாக் 1877 முதல் 1879 வரை இந்தக் கரையில் திரட்டியவை பாரிஸுக்குப் போயின. சாண்டா பார்பராவிலேயே பர்ட்டன் மேட்டை 1923-இல் மொழியியலாளர் ஜான் ஹாரிங்டன் அகழ்ந்தது நியூயார்க்கில் அமெரிக்கப் பழங்குடியினர் அருங்காட்சியகம் நடத்திய ஹை நிறுவனத்துக்காக. பொருள்கள் அங்கே சென்றன, அவருடைய குறிப்புகள் வாஷிங்டனில் இருக்கின்றன. சொந்தப் பாட்டனைப் பற்றி எழுதிய தாளைப் பார்க்க ஒரு சூமாஷ் பெண் விமானச் சீட்டு வாங்க வேண்டுமா? ஹாரிங்டனின் குறிப்புகள் பொதுவில் கிடைத்ததால்தான், சூமாஷ் முதியவரான பெர்னாண்டோ லிப்ராடோ அவருக்கு விளக்கிச் சொன்ன பலகைப் படகான தொமோலை 1976-இல் மறுபடி கட்ட முடிந்தது. 2001-இல் சூமாஷ் மக்கள் அத்தகைய படகில் சாண்டா பார்பராக் கடற்கால்வாயைக் கடந்து சாண்டா குரூஸ் தீவுக்கே போனார்கள்.

ஏட்டறை:

அந்த எடுத்துக்காட்டு உங்கள் வாதத்துக்கு எதிராகவே நிற்கிறது. லிப்ராடோ உயிரோடு இருந்தார், யாரிடம் பேசுகிறோம் என்று அறிந்திருந்தார், சொல்ல விரும்பியதைச் சொன்னார். மெஸ்கலிட்டன் மேட்டில் புதைந்திருந்தவர்கள் யாரிடமும் எதையும் சொல்லவில்லை. இரண்டும் காகிதம் என்பதற்காக ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

குடும்பத்தார் பார்ப்பதைத் தடுக்க வேண்டும் என்று நான் எங்கும் சொல்லவில்லை. அவர்களுக்கு முதலில், கட்டணமின்றி, படியெடுத்து அனுப்பலாம். பழங்குடி ஆவணங்களைக் கையாள்வதற்கு 2006-இல் வகுத்த நெறிமுறைகள் ஏறத்தாழ அதைத்தான் கேட்டன. அமெரிக்க ஆவணக்காப்பாளர் சங்கம் அவற்றை ஏற்கப் பன்னிரண்டு ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. அந்தத் தாமதம் எங்கள் துறைக்குப் பெருமை தருவதன்று.

குறிஞ்சிமாறன்:

மூவரும் ஒரு கேள்வியைத் தவிர்த்துவிட்டே பேசுகிறீர்கள். குழியைத் தோண்டியதே தவறு என்றால், அதைத் தோண்டியபோது எழுதிய தாளை வைத்திருக்கும் உரிமை மட்டும் எங்கிருந்து வந்தது? எலும்பும் மணியும் மண்ணுக்குத் திரும்பும்போது, படங்களும் தாள்களும் கூடவே திரும்ப வேண்டும். அவர்கள் அவற்றைப் புதைக்கட்டும், எரிக்கட்டும், வைத்துக்கொள்ளட்டும். மாலிபுவில் உயர்குடி எந்த நூற்றாண்டில் தோன்றியது என்பது பேராசிரியர்களின் கவலை.

ஏட்டறை:

மாறன், உங்கள் சினத்தை மதிக்கிறேன். முடிவை ஏற்க முடியவில்லை. திருப்பித் தருவதற்கே அந்தத் தாள் வேண்டும். ஒரு பெட்டியில் நூற்றுக்கணக்கான மணிகள் கிடக்கும். அவற்றில் எவை ஒருவரோடு புதைத்தவை, எவை குப்பைமேட்டு மண்ணைச் சலித்தபோது கிடைத்தவை என்று மணியைப் பார்த்துச் சொல்ல இயலாது. களத்தில் இட்ட எண் ஒன்றாகவும் அருங்காட்சியக அட்டையில் இட்ட எண் வேறாகவும் இருந்தால், இரண்டையும் பொருத்திக் காட்டும் ஒரே சான்று குறிப்பேடுதான். அதை எரித்தால் அந்த மணிகள் யாரோடும் சேராமல் பெட்டியிலேயே தங்கிவிடும்.

பேசித் தீர்க்க முடியாது என்றும் எண்ண வேண்டாம். மணல்மேடு குறிப்பிட்ட அதே வாக்கர், சூமாஷ் மக்களோடு கலந்து பேசி, சாண்டா பார்பராப் பல்கலைக்கழக வளாகத்திலேயே நிலத்தடியில் ஓர் எலும்புக் காப்பகம் அமைய உதவினார். எலும்புக்கு இயன்ற உடன்பாடு காகிதத்துக்கு இயலாதா?

தென்றல்வாணி:

அப்படியானால் பிரித்துத் திறக்கலாமே. மணிகளின் அளவுப் பட்டியல், ஆழம், மண்ணடுக்கு ஆகியவை எல்லோருக்கும். உடல்களின் நிழற்படங்களும் அமைவிட வரைபடமும் குடிவழியினரின் இசைவுக்குப் பிறகு. மிஷன் காலத்து மணிகளின் துளைகள் இரும்பு ஊசியால் இட்டவை என்பதால் சிறுத்து, ஒரே சீராக இருக்கும். துளையின் விட்டம் பட்டியலில் இருந்தாலே ஒரு குழி ஸ்பானியர் வருகைக்கு முந்தையதா பிந்தையதா என்று பெரும்பாலும் கணித்துவிடலாம். அதற்கு யாருடைய எலும்பையும் பார்க்க வேண்டியதில்லை.

மணல்மேடு:

நிழற்படங்களை விட்டுத்தருகிறேன், அவற்றைக் காட்சிப்பொருளாக்கும் விருப்பம் எனக்கு என்றும் இருந்ததில்லை. வரைபடத்தையும் விட்டுத்தருகிறேன். கோட்டுப்படத்தை விட முடியாது. மணிகள் கழுத்தில் கோத்துக் கிடந்தனவா, மேலே அள்ளித் தூவியவையா, அடுத்த குழியிலிருந்து சரிந்தவையா என்பதைப் பட்டியல் சொல்லாது. இடுகாடு நெருக்கமாக இருக்கும் இடத்தில் ஒரு குழியைத் தோண்டும்போதே பழைய குழி கலைந்துவிடும்; அங்கே எந்தப் பொருள் யாருடையது என்று முதலில் முடிவு செய்தவர் அகழ்ந்தவர்தான். அவர் முடிவு சரியா என்று பார்க்க அந்தப் பென்சில் கோடுகள் வேண்டும். பட்டியலை மட்டும் தருவது அவருடைய முடிவை மட்டும் தருவதாகும்.

குறிஞ்சிமாறன்:

கோட்டுப்படமும் உடலின் படம்தான். பென்சிலில் வரைந்தால் குற்றமில்லையா?

ஏட்டறை:

அந்த ஒரு புள்ளியில் நான் மாறன் பக்கம். மணல்மேடு சொல்லும் ஆய்வுத் தேவை உண்மையானது. ஆனால் அது சிலருடைய தேவை. அவர்கள் எழுதிக் கேட்கட்டும், நாங்கள் குடிவழியினரைக் கேட்டுவிட்டுப் பதில் சொல்கிறோம். பதில் வர மாதங்கள் ஆகலாம். இல்லை என்றும் வரலாம்.

மணல்மேடு:

இல்லை என்று வந்தால் 2001-இன் கட்டுரையையும் 2002-இன் மறுப்பையும் நம்பிக்கையின் பேரில் மட்டுமே படிக்க வேண்டும். அதை நான் ஆய்வு என்று ஏற்கவில்லை.