காஸ்டிங் ஃபோல்டர்ல குரூப்பைத் தூக்கியும் ஒரு ஃபைல் திறக்குது – ஷேர்பாயிண்ட் பெர்மிஷன் உதவி தேவை

கேள்வி – ராணிப்பேட்டை
சிப்காட்ல தோல் ஏற்றுமதி ஆபீஸ். ஷேர்பாயிண்ட் (மைக்ரோசாஃப்ட்டோட ஆன்லைன் ஃபைல் இடம்) டீம் சைட்டில் ஒரே லைப்ரரி (ஃபைல் கிடங்கு), உள்ளே லேப், ஷிப்பிங், காஸ்டிங் (விலைக் கணக்கு) ஃபோல்டர்கள். காஸ்டிங்கை அக்கவுண்ட்ஸ் நாலு பேர் மட்டும் பார்க்கணும். அந்த ஃபோல்டர்ல இன்ஹெரிட்டன்ஸை (லைப்ரரியோட பெர்மிஷன் தானா இறங்குறதை) நிறுத்தி மெம்பர்ஸ், விசிட்டர்ஸ் ரெண்டு குரூப்பையும் எடுத்தாச்சு. ஆனா ஒரு மெர்ச்சண்டைசருக்கு (ஆர்டர் கவனிக்கிறவர்) ஒரே ஒரு ஷீட் மட்டும் இன்னும் திறக்குது, எடிட்டும் ஆகுது. இன்னொண்ணு: ஷிப்பிங்ல பேக்கிங் லிஸ்ட் அடிக்கடி காணாமப் போகுது. திருத்தலாம், அழிக்கக் கூடாதுன்னு வைக்க வழி உண்டா?

பதில் – காட்பாடி
ஒண்ணே ஒண்ணு திறக்குதுன்னா அந்த ஃபைலுக்கு முன்னாடியே யாரோ ஷேர் லிங்க் கொடுத்திருக்காங்க. லிங்க் கொடுத்த உடனே அந்த ஃபைல் தனிக்குடித்தனம் போயிடும், அதாவது அதுக்குன்னு தனி பெர்மிஷன் வந்துடும். பிறகு ஃபோல்டர்ல என்ன மாத்தினாலும் அதைத் தொடாது. ஃபைலைத் தேர்ந்தெடுத்து 'மேனேஜ் ஆக்சஸ்' திறங்க, லிங்க்ஸ் பகுதியில் இருக்கிறதை அழிங்க. ஆள் பேரோ, மெம்பர்ஸ் மாதிரி குரூப்போ நேரடியா இருந்தா அதையும் எடுங்க. இதே மாதிரி வேற ஃபைல் இருக்கான்னு பார்க்க, லைப்ரரி பெர்மிஷன் பக்கத்துல மேலே மஞ்சள் பட்டையில் 'ஷோ தீஸ் ஐட்டம்ஸ்' இருக்கும்.

அப்புறமும் திறந்தா அந்த ஆளை டீம்ஸ்ல ஓனர் ஆக்கியிருக்காங்களான்னு பாருங்க. ஓனருக்கு எதையும் மறைக்க முடியாது.

கேட்டவர்
நன்றி சார். ஒவ்வொரு ஃபைலா தேடாம, ஃபோல்டர்லயே 'டிலீட் யூனிக் பெர்மிஷன்ஸ்' (தனி பெர்மிஷனை நீக்குற பட்டன்) அழுத்தினா ஒரே அடியா சரியாகிடாதா?

பதில் – காட்பாடி
ஐயோ, வேண்டாம். ஃபோல்டர்ல அழுத்தினா அது திரும்ப லைப்ரரியோட பெர்மிஷனை எடுத்துக்கும், காஸ்டிங் ஆபீஸ் முழுக்கத் தெரியும். அந்தப் பட்டனை ஃபைல்ல அழுத்துங்க. அப்ப ஃபைல் ஃபோல்டரைப் பின்பற்றும், பழைய லிங்க்கும் செத்துடும்.

பதில் – ஆம்பூர்
அழிக்கிறது பத்தி: மெம்பர்ஸ்க்கு வழக்கமா இருக்கிறது 'எடிட்'ங்கிற பெர்மிஷன் லெவல் (என்னென்ன செய்யலாம்ங்கிற உரிமைத் தொகுப்பு). அதுல ஃபைல் என்ன, லைப்ரரியையே அழிக்கலாம். சைட் பெர்மிஷன்ஸ், அட்வான்ஸ்டு, 'பெர்மிஷன் லெவல்ஸ்' போய் 'கான்ட்ரிபியூட்' திறங்க. அடியில் 'காப்பி பெர்மிஷன் லெவல்' இருக்கும். காப்பியில் 'டிலீட் ஐட்டம்ஸ்', 'டிலீட் வெர்ஷன்ஸ்' ரெண்டு டிக்கையும் எடுத்து, 'அழிக்காமல் திருத்து'ன்னு பேர் வைங்க. ஷிப்பிங் ஃபோல்டர்ல இன்ஹெரிட்டன்ஸை நிறுத்தி, மெம்பர்ஸ்க்கு இந்த லெவலை டிக் பண்ணுங்க. பழைய 'எடிட்' டிக்கைக் கண்டிப்பா எடுக்கணும். ரெண்டும் இருந்தா பெரிய உரிமைதான் செல்லும். அதே ஆள் வேற குரூப் வழியா உள்ளே வந்தாலும் இதே கதைதான், 'செக் பெர்மிஷன்ஸ்'ல பேரைப் போட்டா எந்த வழின்னு காட்டும்.

காணாமப் போன லிஸ்ட்டை ரீசைக்கிள் பின்ல தேடுங்க, அழிச்ச நாள்ல இருந்து 93 நாள் இருக்கும்.

கேட்டவர்
பழைய லிங்க்தான் காரணம், எடுத்ததும் நின்னுடுச்சு. ஆனா ஷிப்பிங்ல இருந்து லேப் ஃபோல்டருக்கு 'மூவ்' பண்ணா இப்ப எரர் வருதுங்க.

பதில் – ஆம்பூர்
வரத்தான் செய்யும். மூவ்னா அங்க வைச்சுட்டு இங்க அழிக்கிறது. 'காப்பி டு' கொடுக்கச் சொல்லுங்க, ஷிப்பிங்ல மிஞ்சுற பழைய ஃபைலை ஓனர் அழிக்கட்டும்.